கிணற்றடித் தொட்டியிலே ஒரு சிறு குளம்

யாழ்ப்பாணத்து வீடொன்றின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று யாரேனும் வினவின், தலைவாசலைக் காட்டேன், அடுக்களையையும் காட்டேன், கிணற்றடியையே காட்டுவேன். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாட்டிலே கிணறே எமக்கு ஆறு. அன்று துலாவினால் அள்ளிய நீர் முதலிற் சென்று விழுந்த இடம் சீமெந்துத் தொட்டி. அதன் அருகே குளித்தோம், துணி துவைத்தோம், வழிந்த நீர் வாய்க்காலால் ஓடி வாழைக்கும் கமுகுக்கும் உணவாயிற்று.

எங்கள் வீட்டுத் தொட்டி என் தந்தையார் கட்டுவித்தது. நீளம் 6 அடி, அகலம் 3 அடி, ஆழம் 2 அடி. நிரம்பினால் ஏறத்தாழ 1000 லீற்றர் நீர் கொள்ளும். மின்னியந்திரமும் மேல்தாங்கியும் வந்து, குழாய் குளியலறைக்குள் நுழைந்த பின்னர் தொட்டிக்கு வேலையற்றுப் போயிற்று. மாமரத்துச் சருகும் மாரிமழை நீரும் அதிலே குடிகொண்டன.

ஒரு நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. "மாஸ்ரர், ஒன்றில் இதைத் துப்புரவாக்குங்கோ, இல்லாட்டில் உடைச்சு விடுங்கோ" என்றார். அவர் சொன்னதிற் பிழையில்லை. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டிலே 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயினராகப் பதிவாயினர். டெங்கு நுளம்பின் முட்டை தொட்டிச் சுவரிலே ஒட்டிக்கொண்டு, நீர் வற்றியபின்னும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலால் நீரைக் கொட்டிவிடுவது போதாது. சுவரையும் தேய்த்துக் கழுவவேண்டும். மகன் மறுநாளே மேசனை அழைத்துவிட்டான். 'என் தகப்பனார் கட்டியது' என்னும் ஒரு சொல்லைத் தவிர என்னிடம் மறுமொழி இல்லை. அயலாரின் உடல்நலத்துக்கு முன்னே அச்சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி?

பேர்த்திதான் வழக்காட வந்தாள். "அப்பப்பா, உடைக்க வேண்டாம். மீன் விடுவம்" என்றாள்.

உடைக்க வந்த மேசன் வெடிப்புகளை அடைத்துப் புதுச் சீமெந்து பூசினார். இரண்டாம் நாள் நீர் நிரப்பினோம். அன்று மாலையே பட்டினத்துக் கடையிலிருந்து 12 பொன்மீன்களை வாங்கிவந்து விட்டோம். பிள்ளை வேளைக்கொரு கைப்பிடி உணவு தூவினாள். மூன்றாம் நாட் காலையில் பன்னிரண்டும் மிதந்தன.

"அதுகள் பசியிலையோ செத்ததுகள்?" என்று கேட்டாள் பிள்ளை.

அக்கேள்விக்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது. அதுவே என் வெட்கம். முப்பது ஆண்டு காலம் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். நைதரசன் வட்டத்தை எத்தனை கரும்பலகைகளில் வரைந்திருப்பேன்! என் வீட்டுக் கிணற்றடியிலே அதனை மறந்தேன்.

புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு நீரிற் கரைகின்றது. நீரின் காரத்தன்மை ஏறுகின்றது. மீனின் கழிவிலிருந்தும் உண்ணாது அழுகிய இரையிலிருந்தும் அமோனியா பிறக்கின்றது. காரம் மிகுந்த நீரில் அந்த அமோனியாவின் நஞ்சு பன்மடங்காகின்றது. பழகிய குளத்திலே ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். இன்னொரு வகை அதனை நைத்திரேற்று ஆக்கும். நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சு. நைத்திரேற்று அத்துணைக் கொடியதன்று. செடிகளுக்கு அது உணவு. கண்ணுக்குப் புலப்படாத இத்தொழிலாளர் கல்லிலும் மண்ணிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். நானோ இரண்டு நாள்கூடப் பொறுத்தேனல்லேன்.

இப்பாடத்தை மனிதர் வீட்டினுள்ளே கற்றுக்கொண்ட கதை சுவையானது. இலண்டனில் றொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் 1849இல் ஒரு பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்தார். செடி தரும் ஒட்சிசன் மீனுக்குப் போதும் என்பது அவர் எண்ணம். ஆயினும் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அழுகலை உண்ணும் நீர்நத்தைகளை அவர் சேர்த்தார், நீர் தெளிந்தது. 1850இல் அந்த அனுபவத்தை அறிஞர் கழகத்துக்கு அறிவித்தார். மீன், செடி, நத்தை என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கக் கண்டவர் அவர்.

நாமும் முதலிலிருந்து தொடங்கினோம். மூன்று கிழமை தொட்டியை நிரப்புவதும் வெறுமையாக்குவதுமாக இருந்தோம். தொட்டி நீரின் காரம் கிணற்று நீரின் அளவுக்கு இறங்கிற்று என்பதை நிறங்காட்டித் தாள் சொல்லியபின்னரே அடுத்த அடி வைத்தோம். கழுவிய பருமணலை அடியிற் பரப்பினோம். குளத்து வேலம்பாசியும் சில நத்தைகளும் இட்டோம். மீன் நான்கே விட்டோம். இரண்டு நிமிடத்துள் தின்று தீர்க்கும் அளவுக்கே இரை. குழாய்வழி குளோரீன் இட்ட நீர் பெறுவோர் அதனை ஒரு நாள் திறந்து வைத்தபின் விடுவது நன்று. எமது கிணற்று நீருக்கு அக்கவலையில்லை.

இம்முறை பொன்மீனை விடுத்துக் கப்பியைத் தேர்ந்தோம். சுண்ணக்கற் பாறையில் ஊறிய எமது கடின நீர் அதற்கு ஒவ்வும். தென்னமெரிக்காவின் வடபுறத்துக்கும் திரினிடாட்டுக்கும் உரிய இச்சிறு மீன், திரினிடாட்டிலிருந்து அதனை அனுப்பிய கப்பி என்பவரின் பெயரை 1866இற் பெற்றது. முட்டையிடாது குஞ்சு ஈனும். நுளம்புக் குடம்பியை விரும்பித் தின்னும்.

குடம்பி தின்னும் மீனின் பயனை எம்நாடு நன்கறியும். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டின் முடிவிலேயே இந்நாட்டுக்குப் புதிதான மலேரியா நுளம்பொன்று மன்னாரிலே காணப்பட்டது. அது கிணறுகளிற் பெருகுவது கண்டு அங்கே குடம்பியுண்ணும் மீன்களை விட்டனர். எனினும் ஓர் எச்சரிக்கை: வீட்டுக் கப்பியைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுதல் ஆகாது. எங்கும் விரைந்து பெருகும் அம்மீன் எமது சொந்தச் சிறுமீன்களின் இடத்தைப் பறித்துவிடும்.

நான்கு மீன் இன்று எண்ணமுடியாத கூட்டமாயிற்று. பரிசோதகர் மறுமுறை வந்தபோது தொட்டியுள் நெடுநேரம் தேடினார். ஒரு குடம்பியும் அகப்படவில்லை. மகன் மேசனைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டான். மாலையில் வேலையால் வந்ததும் தொட்டிக் கட்டிலே சற்று நேரம் இருந்துவிட்டே வீட்டுக்குள் போகிறான்.

மீன் வளர்க்கிறோம் என்று சொல்லுகிறோம். நீரை வளர்க்கத் தெரிந்தவனுக்கே மீன் வளரும் என்பதை அந்தப் பன்னிரண்டு பொன்மீன்களும் எனக்குக் கற்பித்தன. இப்பொழுது சனிக்கிழமைதோறும் தொட்டி நீரிற் காற்பங்கைத் திறந்துவிடுகிறோம். பிள்ளைதான் அடைப்பை எடுப்பாள். மீனின் கழிவு கரைந்த நீர், என் தந்தையார் வெட்டிய பழைய வாய்க்காலால் ஓடி வாழைப் பாத்தியை நனைக்கின்றது. கரும்பலகையில் நான் வரைந்த வட்டம் அங்கே நிறைவுறுகின்றது. சென்ற கிழமை அவ்வாழை குலை தள்ளியது.