பளபளக்கும் டிஸ்க்கை ஏன் கழிக்கிறார்கள்?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானம் விமானப்படையிலிருந்து விடைபெற்றது. நவம்பர் 14 அன்று திருப்போரூர் அருகே விமானப்படையின் பயிற்சி விமானம் விழுந்தது. விமானி உயிர் தப்பினார். இரண்டையும் முடிச்சுப் போட்டு வாசகர்கள் கேட்பது இதுதான்: ஓய்வுபெற்ற மிக்கைப் பிரித்து, தாம்பரத்துக் கிரண் பயிற்சி விமானங்களுக்கு உதிரிபாகம் எடுப்பார்களா?

மாட்டார்கள். மிக்-21இன் ஆர்-25 எஞ்சின் சோவியத் வடிவமைப்பு. கோராபுட்டில் எச்ஏஎல் தயாரித்தது. கிரண் மார்க்-1இல் இருக்கும் வைப்பரும் மார்க்-2இல் இருக்கும் ஆர்ஃபியஸும் பிரிட்டிஷ் வழி எஞ்சின்கள். ஒன்றின் பிளேடு மற்றதில் ஏறாது. வைப்பரின் பூர்வீகம் வேடிக்கையானது. சுட்டுப் பழகுவதற்கான ஆளில்லா ஜிண்டிவிக் விமானத்துக்காகப் பிறந்தது அது. எப்படியும் அழியப்போகிறது என்பதால், பேரிங்குக்குப் போன எண்ணெயைத் திரும்பச் சேகரிக்கும் ஏற்பாடுகூட முதலில் இல்லை. ஆள் ஏறும் விமானத்துக்கு வந்தபோதுதான் அது மாறியது.

ஒரே ரக எஞ்சின் என்றாலும் பழைய பாகத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிட முடியாது; விஷயம் டர்பைன் டிஸ்க்கில் இருக்கிறது. பிளேடு ஒடிந்தால் எஞ்சின் உறை பெரும்பாலும் தடுத்துவிடும். பிளேடுகளைத் தாங்கும் டிஸ்க் வெடித்தால் எந்த உறையும் நிற்காது. அதனால் பழுதாகும்வரை காத்திருப்பதில்லை. கணக்கிட்ட ஆயுள் முடிந்ததும், ஒரு கீறல் இல்லாவிட்டாலும் கழித்துவிடுகிறார்கள்.

இங்கே மணிக்கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எஞ்சின் வேகமெடுத்துத் தணியும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் இழுவிசை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசலை வளர்ப்பது அதுதான். நேர்கோட்டில் போகும் ஒரு மணி நேரமும், ஓடுதளத்தைத் தொட்டுத் தொட்டு எழும்பும் பயிற்சியின் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல. தாம்பரத்தில் 1954 முதல் இருப்பதோ பறக்கக் கற்றுத்தருபவர்களுக்கான பள்ளி.

ஆக, டிஸ்க்கின் வயதைச் சொல்வது உலோகமல்ல, அதன் எண்ணும் ஓட்டமும் பதிவான கார்டு. கார்டு தொலைந்தால் நல்ல டிஸ்க்கும் பழைய இரும்புதான். கார்டைத் திருத்தினால் பழைய இரும்பு ‘புதிது’. லண்டனின் ஏஓஜி டெக்னிக்ஸ் நிறுவனம் போலிச் சான்றிதழோடு விற்ற பாகங்கள் பயணிகள் விமான எஞ்சின்களுக்குள் போயிருந்தது 2023இல் அம்பலமானது.

அதிகாரிகள் சொல்லும் ‘ஆயுள் நீட்டிப்பு’? டிஸ்க்கில் புதிதாக எதுவும் சேர்வதில்லை. சோதித்து, கணக்கை மறுபடி போட்டு, முன்பு ஒதுக்கிவைத்த பாதுகாப்பு இடைவெளியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறார்கள். கிரணுக்கு மாற்றாக 2003 மார்ச்சில் முதன்முறை பறந்த சிதாரா, இருபது ஆண்டு கடந்தும் படையில் சேரவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வாசகர்களின் மற்ற கேள்விகள்: கடற்காற்று எஞ்சினைக் கெடுக்குமா? உப்பு கம்ப்ரசர் பிளேடுகளை அரிக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள்.

திருப்போரூரில் விழுந்தது கிரணா? இல்லை, பிலாட்டஸ், டர்போபிராப்.

2016இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பி மறைந்த ஏஎன்-32? அதுவும் டர்போபிராப்.

ஆர்ஃபியஸ் வேறு எதில் இருந்தது? நேட், மாருத் போர் விமானங்களில்.