வேண்டிய ஏட்டை மட்டும் திறத்தல்

அகராதியில் ஒரு சொல்லின் பொருளை அறிய விழைவோர் அதனை முதலேடு தொடங்கி ஈற்றேடு வரை ஓதுவதில்லை. எழுத்து முறையைப் பற்றிச் சென்று வேண்டிய பக்கத்தை மட்டுமே புரட்டுகின்றனர். இவ்வெளிய முறையைக் கணினியின் தொகுப்பி எங்ஙனம் கைக்கொள்கின்றது என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தொகுப்பியாவது, மனிதர் எழுதும் நிரலைப் பொறி உணரும் மொழியிற் பெயர்க்கும் கருவி. சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு கோப்பு பிறவிடத்துச் செயற்கூறுகளை எடுத்தாள வேண்டின், அவற்றின் பெயரையும் இயல்பையும் அறிவிக்கும் தலைப்புக் கோப்புக்களைத் தொகுப்பி முதற்கண் படித்தல் வேண்டும். நாம் எழுதுவன பத்து வரிகளே ஆயினும், அவற்றின்பொருட்டு அது படிப்பன பல்லாயிரம் வரிகளாதல் உண்டு. நூறு கோப்புக்கள் இருப்பின், அவ்வரிகளையே நூறு முறை படிக்கும். சிறு பிழையொன்றைத் திருத்திவிட்டு விளைவை நோக்கியிருக்கும் மாணாக்கர்க்கு இத்தாமதம் எண்ணத்தின் தொடர்ச்சியையே அறுத்துவிடும்.

இக்குறை நீங்கத் தலைப்புக் கோப்பை ஒருமுறை தொகுத்து இரும வடிவிற் சேமித்து வைக்கும் முறை எழுந்தது. ஆயினும், சேமித்தது முழுவதையும் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் ஏற்றின், சுமை குறையுமேயன்றி நீங்காது. கிளாங் என்னும் தொகுப்பி இதற்கு இருவழி கண்டுள்ளது.

முதலாவது, கோப்பை நினைவகத்தோடு பொருத்தி வைத்தல். அவ்வாறு செய்யின், இயங்குதளம் கோப்பைப் பெரும்பாலும் 4096 பைட் அளவுள்ள ஏடுகளாகக் கொண்டு, தேவை நேரும்பொழுதே அவற்றை வட்டிலிருந்து கொணரும். இரண்டாவது, கோப்பினுள்ளேயே ஓர் அட்டவணை அமைத்தல். தொகுப்பி ஒரு பெயரின் எழுத்துக்களைக்கொண்டு ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண் காட்டும் இடத்திற்கு நேரே சென்று, அப்பெயர்க்குரிய அறிவிப்பை எடுத்து விரிக்கின்றது. ஏனைய அறிவிப்புக்கள் வேண்டப்படுங்காறும் மடித்தவாறே கிடக்கும். ஆகவே, கோப்பு எத்துணைப் பெரிதாயினும், நிரல் உண்மையில் எடுத்தாளும் பகுதியின் அளவிற்கேற்பவே காலம் செலவாகும்.

ஈண்டு ஓர் இடரும் உண்டு. மூலத்தைத் திருத்திய பின்னர்ப் பழைய சேமிப்பையே நம்பினால், விரைவாய்க் கிடைப்பது பிழையான பெயர்ப்பாகும். ஆதலின் கிளாங், மூலக்கோப்பின் அளவையும் அது திருத்தப்பெற்ற நேரத்தையும் ஒப்புநோக்கி, வேறுபாடு காணின் அச்சேமிப்பை ஏற்க மறுத்துவிடும்.

2020-ஆம் ஆண்டு இம்மொழியின் தரத்திற் சேர்ந்த மாட்யூல் என்னும் உறுப்பும், ஒருமுறை தொகுத்த இடைமுகத்தைப் பல கோப்புக்கள் எடுத்தாள வழிசெய்துள்ளது. எனினும், கருவி எத்துணைச் சிறந்ததாயினும் எழுதுவோர்க்கும் கடமை உண்டு. நிரல் எழுதும் நம் நண்பர்கள் இனிக் காத்திருக்க நேரும்பொழுது, தாம் சேர்த்த தலைப்புக் கோப்புக்களுள் மெய்யாக வேண்டுவன எவையென ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.