நியூயார்க்கில் நள்ளிரவு, சென்னையில் காலை டிபன்!

கைபேசியை லாக்கரில் வையுங்கள், பையை வெளியே விடுங்கள், அடையாள அட்டையைக் காட்டுங்கள்... அப்பாடா, கதவு திறந்துவிட்டது! சென்னை ஓ.எம்.ஆரில் ஓர் ஐ.டி. அலுவலகத்தின் உள்ளறை இது. மெதுவாக வாங்க. அமெரிக்காவில் ஒரு வங்கி தூங்குகிறது.

கோடையில் நியூயார்க்கில் நள்ளிரவு என்றால் இங்கே காலை ஒன்பதரை. அங்கே பகலெல்லாம் நடந்த வரவு, செலவு, வட்டி எல்லாவற்றையும் மெயின்ஃபிரேம் கணினி இரவோடு இரவாகக் கணக்கில் ஏற்றும். 'பேட்ச்' என்கிறார்கள். அதற்குக் காவல் இந்த அறை. ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டர், மானிட்டர் ஓரத்தில் குட்டிப் பிள்ளையார், கீபோர்டு இடுக்கில் முறுக்குத் தூள்!

திரையைப் பாருங்களேன்: கறுப்பில் பச்சை எழுத்து, மவுஸுக்கு வேலையே இல்லை. 1959-இல் உருவாகத் தொடங்கிய கோபோல் என்ற கணினி மொழி. ஏழாவது இடத்தில் நட்சத்திரம் போட்டால் அந்த வரி வெறும் குறிப்பு. 72-ஐத் தாண்டி எழுதியதை அது சட்டையே செய்யாது. 80 பத்தித் துளை அட்டைக் காலத்துப் பழக்கம்!

ஒரு குறிப்பு கண்ணில் படுகிறது: 'இந்தப் பாராவைத் தொடாதே.' டீம் லீட் அக்கா சிரிக்கிறார். "எழுதினவர் ரிட்டயர் ஆயிட்டார். பயம் மட்டும் இன்னும் டியூட்டில இருக்கு." பக்கத்து சீட் தம்பி, "இந்த புரோகிராம் எனக்கு மூத்தது, அதட்ட முடியாதுங்க" என்கிறார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜாப் நின்றுவிட்டது! "சாக் செவன்!" அதாவது, எண் இருக்கவேண்டிய இடத்தில் வேறென்னவோ புகுந்திருக்கிறது. இட்லி பாதியில் நிற்கிறது. ஸ்வெட்டரைக் கழற்றி எறிகிறார் தம்பி. ஆயிரக்கணக்கான வரிகளில் அந்த ஒற்றைப் பதிவைத் தேடுகிறார்கள். கிடைத்தது, வெற்றிடம்! அதைத் திருத்த ஒப்புதல் வாங்க அமெரிக்காவில் ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியாக வேண்டும். அக்காவின் குரலில் திடீரென்று தேன் வடிகிறது.

நின்ற படியிலிருந்து ஓட்டம் மறுபடி தொடங்க, எல்லோரும் மூச்சைப் பிடிக்கிறோம். "ரிட்டர்ன் கோட் பூஜ்ஜியம்!" பிழையே இல்லை என்று அர்த்தம். கைதட்டல்! பூஜ்ஜியம் வாங்கிக் கொண்டாடும் வகுப்பறையை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

2020 ஏப்ரலில் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்து அரசுக் கணினிகள் திணறியபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவ வேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபியே கேட்டுக்கொண்டார். அதை நினைவுபடுத்தினால் அக்கா ஆறிப்போன இட்லியைப் பிட்டுக்கொண்டே சொல்கிறார்: "அன்னிக்குத்தான் எங்க வீட்ல, நான் என்ன வேலை பாக்கறேன்னு முதல்முறையா கேட்டாங்க!"