உழைப்பவனுக்கு அடைத்த கதவு

பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்து, இரவில் கணிதமும் யந்திர சாஸ்திரமும் பயின்று, இஞ்சினீயராக உயர விரும்பியவனுக்கு நம் நாட்டில் நெடுங்காலம் ஒரு வழி இருந்தது. 1920-ல் ஸ்தாபிக்கப்பெற்று, 1935-ல் ராஜ சாஸனம் அடைந்த இந்திய இஞ்சினீயர்கள் சங்கம் நடத்திய இரு பிரிவுப் பரீக்ஷைகளே அவ்வழி. கல்லூரி வாயிலை மிதியாதவனும் அவற்றில் தேறினால், மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்குப் பட்டதாரியோடு சமானமாக மதிக்கப்பட்டான். 2013 மே 31 வரை சேர்ந்தவர்களோடு அந்த அங்கீகாரத்தைச் சர்க்கார் நிறுத்திவிட்டது.

உரிய அனுமதியின்றிச் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபால் வழியே வழங்கிய இஞ்சினீயர் பட்டங்களைப் பற்றி 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பான தீர்ப்பளித்தது. செய்முறைப் பயிற்சியின்றித் தொழிற்கல்வி இல்லை என்பது அதன் கருத்து. நியாயமே. ஆனால், நாள்தோறும் கடைசல் யந்திரத்தின் முன் நிற்பவனைவிடச் செய்முறை அறிந்தவன் யார்? அவனுக்குக் குறைவாயிருப்பது சாஸ்திர ஞானமும், அதைச் சோதிக்கும் பரீக்ஷையுமே.

டிப்ளமா பெற்று வேலையிலிருப்போருக்கு மாலை வேளையில் பட்ட வகுப்பு நடத்த முடியும் என்பதைக் கோயமுத்தூர்க் கல்லூரிகள் நிரூபித்திருக்கின்றன. கோயமுத்தூருக்குத் தொலைவிலுள்ள தொழிலாளி என்ன செய்வான்? வேலையை விட்டால் குடும்பம் பட்டினி; விடாவிட்டால் ஆயுள் முழுதும் அதே படி. மாலையில் பூட்டிக்கிடக்கும் கல்லூரிச் சோதனைச் சாலைகளை ஒவ்வொரு ஜில்லாவிலும் அவனுக்குத் திறந்துவிடுவது சர்க்காரின் கடமை. பரீக்ஷை எவ்வளவு கடுமையாகவேனும் இருக்கட்டும். அதை எழுதும் உரிமை உழைப்பவனுக்கு வேண்டும்.