டீ.என்.ஏ. பகுப்பாய்வாளரின் பணி

டீ.என்.ஏ. பரிசோதனை குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டுமே உரியது எனப் பலர் எண்ணுவர். எனினும் கொலை விசாரணையொன்றில் இப்பரிசோதனை முதன்முதலாகப் பயன்பட்டபோது, அது முதலிற் செய்தது குற்றமற்ற ஒருவனை விடுவித்ததாகும். அவ்வழக்கினூடாகப் பகுப்பாய்வாளரின் பணியை நோக்குவோம்.

1. லெஸ்டர்ஷயர் வழக்கு

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983 இலும் 1986 இலும் 15 வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான், முதலாவதை மறுத்தான். பொலிசார் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெப்ரிஸை நாடினர். 1984 இல் டீ.என்.ஏ. அடையாள முறையைக் கண்டறிந்தவர் இவரே. இரு இடங்களிலும் பெறப்பட்ட மாதிரிகள் ஒரே ஆணுக்குரியவை, ஆனால் அவ்விளைஞனுக்குரியவை அல்ல எனப் பரிசோதனை காட்டியது. வாக்குமூலம் இருந்தும் அவன் விடுதலையானான்.

1987 இல் அயற் கிராமங்களின் ஆண்கள் ஏறத்தாழ 5000 பேரிடம் மாதிரிகள் பெறப்பட்டன. ஒன்றும் பொருந்தவில்லை. கொலின் பிட்ச்போர்க் என்பவன் சக ஊழியர் ஒருவரைத் தன் பெயரில் குருதி கொடுக்கச் செய்திருந்தமையே இதற்குக் காரணம். அவ்வூழியரின் பேச்சினால் உண்மை வெளிவந்தது. 1988 இல் பிட்ச்போர்க்குக்கு ஆயுட் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

2. உயிரியல் அடிப்படை

ஒருவரது உடலின் கருவுள்ள கலங்கள் யாவற்றிலும் ஒரே டீ.என்.ஏ. காணப்படும். முதிர்ந்த செங்குழியங்களிற் கரு இல்லை. ஆகவே குருதிக் கறையிலிருந்து பெறப்படும் டீ.என்.ஏ. வெண்குழியங்களுக்குரியது. நிறமூர்த்தங்களின் சில இடங்களில் குறுகிய மூல ஒழுங்குகள் மீண்டும் மீண்டும் அமைந்துள்ளன. இவை எத்தனை தடவை மீள்கின்றன என்பது ஆளுக்காள் வேறுபடும். ஓரிடத்தில் தாயிடமிருந்து 7 மீளல்களும் தந்தையிடமிருந்து 9 மீளல்களும் கிடைத்திருப்பின், அது 7, 9 எனக் குறிக்கப்படும். ஒத்த இரட்டையர்களை இம்முறையால் வேறுபடுத்த முடியாது.

3. ஆய்வுகூடப் படிமுறைகள்

(அ) மாதிரியைப் பதிவுசெய்து கலங்களிலிருந்து டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்தல்.
(ஆ) அதன் அளவைத் துணிதல்.
(இ) தெரிவுசெய்த இடங்களைப் பொலிமரேசுச் சங்கிலித் தாக்கத்தின் மூலம் பல பிரதிகளாக்குதல்.
(ஈ) மின்புலத்தில் துண்டங்களை நீளத்திற்கேற்பப் பிரித்தல்.
(உ) சந்தேக நபரின் மாதிரியுடன் ஒப்பிட்டு அறிக்கை எழுதல். தேவைப்படின் நீதிமன்றில் சாட்சியமளித்தல்.

4. "பொருந்துகின்றது" என்பதன் பொருள்

நிகழ்தகவுப் பாடத்தை நினைவுகூருங்கள். மூன்று இடங்களில் ஒவ்வொன்றிலும் சந்தேக நபரின் அமைப்பு 10 பேரில் ஒருவருக்கு உள்ளதெனக் கொள்வோம். அவை ஒன்றையொன்று சாராதவையாயின் மூன்றும் ஒருவரிடம் அமைவதற்கான நிகழ்தகவு 1/10 × 1/10 × 1/10 = 1/1000 ஆகும். 100 000 பேர் வாழும் நகரில் ஏறத்தாழ 100 பேருக்கு இவ்வமைப்பு இருக்கலாம். எனவே "இவர் குற்றவாளி என்பதற்கான நிகழ்தகவு 999/1000" எனக் கூறுதல் தவறாகும். இடங்களின் எண்ணிக்கை கூடும்போது தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு மிகக் குறையும். இங்கிலாந்தில் 2014 முதல் 16 இடங்களும் பாலைக் காட்டும் குறியொன்றும் சோதிக்கப்படுகின்றன.

5. தவறுகள் நேரும் வழிகள்

ஜேர்மனியிலும் அயல்நாடுகளிலும் ஏறத்தாழ 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டீ.என்.ஏ. காணப்பட்டது. பொலிசார் அவளைப் பல ஆண்டுகள் தேடினர். மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்திலேயே அவற்றில் ஒரு பெண் ஊழியரின் டீ.என்.ஏ. கலந்திருந்தமை 2009 இல் தெரியவந்தது. இதனாலேயே பகுப்பாய்வாளர் கையுறையும் முகமூடியும் அணிவதுடன், மாதிரி எதுவும் இடப்படாத வெறும் சோதனையொன்றையும் உடன் நடத்துகின்றார்.

நினைவிற் கொள்க: டீ.என்.ஏ. அது யாருடையது என்பதற்கே சான்றாகும். அது எப்போது, எவ்வாறு அங்கு வந்தது என்பதைக் கூறாது. பகுப்பாய்வாளர் பொலிசாருக்காகப் பணியாற்றினும், அவரது அறிக்கை உண்மையின் பக்கமே நிற்றல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. குருதியில் டீ.என்.ஏ. பெறப்படும் கலம் யாது? காரணம் தருக.
2. 1987 இல் பரிசோதனை சரியாக நடைபெற்றும் குற்றவாளி அகப்படாதது ஏன்? இதனைத் தவிர்க்க மாதிரி பெறும்போது செய்யவேண்டியது யாது?
3. மேற்குறித்த உதாரணத்தில் நான்காவது இடமும் சோதிக்கப்பட்டு, அங்கும் 10 பேரில் ஒருவருக்கு அவ்வமைப்பு இருப்பின், அந்நகரில் எத்தனை பேர் பொருந்தலாம்?