அக்னிக்கும் எமனுக்கும் நடுவே ஒரு ரவுண்டு

சென்னையிலிருந்து வந்த நண்பன் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூட இன்னும் தோளில் சரியாக மாட்டவில்லை. “மச்சான், உங்க ஏரியாவுல சும்மா உக்காந்து பேசறதுக்கு நல்ல பார் எது?” என்றான்.

எங்க ஏரியா என்றால் திருவண்ணாமலை ரமணாசிரமம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவன் கேட்டதிலும் தப்பில்லை. அவனுக்குச் சரக்கு முக்கியமில்லை. சாயங்காலமானால் செருப்பைக் கழற்றிப்போட்டு, காலை நீட்டி, ஆபீஸ் மேனேஜரை நிம்மதியாகத் திட்ட ஓர் இடம். விரட்டாத கடைக்காரர். கையில் ஏதோ ஒரு கிளாஸ், கொறிக்க ஏதோ ஒன்று. “ஏன் இல்லாம? ஒண்ணு இல்லடா, நாலு இருக்கு. பார்த்து நீயே செலக்ட் பண்ணிக்க” என்று வாயை விட்டுவிட்டேன்.

நிஜ பாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். டாஸ்மாக் என்ற கம்பெனி 1983-இல் பிறந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. கடை திறப்பது பகல் 12 மணி, மூடுவது இரவு 10 மணி. கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை இருக்கவேண்டும் என்று விதி. இந்த 50 மீட்டர் விதியை எழுதியவர் எங்கள் செங்கம் ரோட்டில் நடந்து பார்த்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார். டேப்பை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதாவது ஒரு சாமி மேல் இடிக்கும். அக்னி லிங்கம், சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், தட்சிணாமூர்த்தி கோயில், ரமணாசிரமம், இன்னும் கொஞ்சம் நடந்தால் எம லிங்கம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம். அதில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம் நாங்கள். “ஒரு பக்கம் நெருப்பு, இன்னொரு பக்கம் எமன். இதைவிட டேஞ்சரான பார் ஏரியா தமிழ்நாட்டுல உண்டா?” என்றேன். நண்பன் சிரிக்கவில்லை. அவனுக்குத் தலை வலித்தது.

மணி நாலாகப்போகிறது. தலைவலிக்கு மருந்து பக்கத்திலேயே இருந்ததால் முதல் இடமாக ஆசிரமத்துக்குள்ளேயே அழைத்துப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் முற்றத்தில் ஒரு மாபெரும் இலுப்பை மரம். 400 வயது என்பார்கள். அதன் அடியில் நின்று நண்பனின் காதில் ரகசியமாகச் சொன்னேன்: “டேய், வடக்க சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கம் இந்த மரத்துப் பூவுல இருந்துதான் மஹுவா காய்ச்சறான்.” அவன் கண்கள் விரிந்ததைப் பார்க்கவேண்டுமே! இலுப்பைப் பூவில் இனிப்பு அவ்வளவு. இருப்பை என்ற பெயரில் சங்கப் பாட்டுகளில் இந்த மரம் வரும். பூவைத் தின்ன கரடி வரும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழி நமக்குத் தெரியும். பாரில்லாத தெருவுக்கு எது பார் என்ற எங்கள் ஆராய்ச்சி, பாருங்கள், சரியான மரத்தடியில்தான் தொடங்கியது.

நாலு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் வந்தவர்களுக்கெல்லாம் டீ, பால். டம்ளர் சூடு கையைப் பொசுக்கும். ஹேப்பி ஹவர் இருக்கிறது, பில் கிடையாது! பழைய கதைகளைப் படித்தால் இந்த இடத்தின் சமையற்கட்டுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பகவான் ரமணர் விடிவதற்கு முன்பே எழுந்து வந்து காய் நறுக்குவார், துவையல் அரைப்பார். பந்தியில் எல்லோருக்கும் என்னவோ அதேதான் அவருக்கும். தனியாக ஒரு கரண்டி கூடப் போட்டால் கோபம் வரும். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்தவர், 1950 ஏப்ரலில் உடலை விடும்வரை ஊர் எல்லையைத் தாண்டவே இல்லை. ஒரே இடத்தை இப்படித் தேர்ந்தெடுத்தவர் வேறு யார்?

எல்லாம் சரி, ஆனால் இது அரட்டைக்கான இடமில்லை. வேத பாராயணம் ஆரம்பிக்கிற நேரத்தில் நண்பனின் போனில் ஒரு குத்துப்பாட்டு கிளம்பியது. வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மயில்கூட அகவலை நிறுத்திவிட்டதாக எனக்குத் தோன்றியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தோம்.

இரண்டாவது இடம் மொட்டைமாடி கஃபே. கார்த்திகையிலிருந்து மாசி வரை இந்த ரோட்டில் வெள்ளைக்காரர் நடமாட்டம் அதிகம். அந்தச் சீசனை நம்பி மாடிக்கு மாடி கீற்றுக் கொட்டகை, தரைக்கு மெத்தை, சுவரில் ஓம். வெயில் ஏறினால் பாதிக்குப் பூட்டு. மெத்தையில் சாய்ந்தால் வடக்கே மலை முழுசாகத் தெரியும். சாய்ந்த வெயிலில் பாறைகள் செங்கல் நிறத்துக்குப் போகும் அந்தப் பத்து நிமிடம், சொல்லி மாளாது. “இங்க உக்காந்தா நாவலே எழுதலாம் மச்சான்” என்றான் நண்பன், இஞ்சி எலுமிச்சை தேன் கலந்த சுடுநீரை உறிஞ்சியபடி.

எழுதினார்களே! சாமர்செட் மாம் 1938-இல் இங்கே வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். ரமணரே அவர் படுத்திருந்த அறைக்குப் போய்ச் சந்தித்தார். 1944-இல் ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவல் வந்தது. அதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்னவென்றால், கதாநாயகன் லாரி தன் இந்திய அனுபவத்தை எங்கே உட்கார்ந்து சொல்கிறான் தெரியுமா? ஆசிரமத்தில் இல்லை, மலையடிவாரத்தில் இல்லை. பாரீஸில் ஒரு ராக்கடையில், விடிய விடிய! ஆக, மௌனத்தைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு மேஜை, ஒரு கிளாஸ் தேவைப்பட்டிருக்கிறது.

கை கழுவப் போகிற சாக்கில் கஃபேயின் அடுக்களையை எட்டிப் பார்த்தேன். இதுதான் நான் காத்திருந்த தருணம். முன்னால் கொண்டைக்கடலை விழுது, ஆலிவ் எண்ணெய், மண்டை மண்டையாகப் பழுப்பு ரொட்டி. பின்னால் ஓரமாக ஒரு பம்ப் ஸ்டவ். அதில் பூண்டு ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூடியிட்ட சட்டி. என்னவென்று கேட்டேன். “எங்களுக்குண்ணா” என்று வெட்கப்பட்டுச் சிரித்தான் ரொட்டி போடும் தம்பி. வாசனையிலேயே ருசி தெரிந்தது. அந்தச் சட்டி மட்டும் மெனுவில் இருந்திருந்தால் தேர்வு அங்கேயே முடிந்திருக்கும். இல்லை. பில் மட்டும் வந்தது. நண்பன் அதைப் பார்த்துவிட்டு, மீதியிருந்த தேனை ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டான்.

கீழே இறங்கி ரோட்டைக் கடந்தால் நான் தினமும் போகிற டீக்கடை. பெயர்ப்பலகை கிடையாது, ஒரு பெஞ்ச் உண்டு. நாலு பேர் உட்காரலாம். ஐந்தாவது ஆள் வந்தால் ஓரத்தில் இருப்பவர் எழுந்து கொடுக்கவேண்டும், எழுதாத சட்டம். காவி வேட்டிச் சாமியார், ஆட்டோக்காரர், கிரிவலம் பாதியில் கால் வலித்தவர், தமிழில் “சக்கரை கம்மி” என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒரு ஐரோப்பிய அம்மா. இந்த ரோட்டில் எல்லோருக்கும் ஒரே பெயர், சாமி. “இன்னா சாமி, ஸ்ட்ராங்கா?” “சாமி, சில்லறை குடு சாமி.” கலெக்டரே வந்தாலும் சாமிதான்.

அன்று மாஸ்டரிடம் கெஞ்சி, மேடைக்கு உள்பக்கம் போய் நின்றேன். வெளியில் பார்க்கும்போது இரண்டு கையால் செய்கிற வேலை மாதிரி இருக்கும். உள்ளே நின்றால்தான் தெரிகிறது, முழங்கால், இடுப்பு, கண், காது எல்லாமே வேலை செய்கின்றன. ஒரு பக்கம் பாய்லர் புஸ்ஸென்று ஆவி விடுகிறது. பால் சட்டியில் ஏடு படியப் படிய ஒரு கரண்டி அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. டிகாக்‌ஷன் இறங்குகிற துணிப்பை கரிய பழுப்பு நிறத்தில், பல வருஷத்து டீயைக் குடித்துப் பதப்பட்ட தோல்பை மாதிரி தொங்குகிறது. கிளாஸ் வரிசை கட்டி நிற்கிறது. சர்க்கரை விழுகிறது, பால் விழுகிறது, பையை ஒரு அமுக்கு, கறுப்பு நூல் ஒன்று பாலுக்குள் இறங்கிச் சுழல்கிறது. லைட் என்றால் நூல் அறுந்துவிடும், ஸ்ட்ராங் என்றால் கயிறாகும். பிறகு ஆற்றல். ஒரு குவளை தலைக்கு மேலே, இன்னொன்று இடுப்புக்குக் கீழே. நடுவில் நீளத் துணி விரித்த மாதிரி டீ. ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

“பார்த்துக்கிட்டு ஊத்துவீங்களா மாஸ்டர்?”

“பார்த்தா சிந்திரும் சாமி. சத்தம் கேட்டு ஊத்தணும். சத்தம் மாறினா கிளாஸ் ரொம்பிருச்சுன்னு அர்த்தம்.”

நான் முயன்று பார்த்தேன். என் சட்டையில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது. பெஞ்சில் இருந்த சாமியார் கை தட்டினார்.

கொறிக்க மசால்வடை, மிளகாய் பஜ்ஜி, கண்ணாடி ஜாடியில் பட்டர் பிஸ்கட். ஆறரை மணிக்குத் தமிழ் பாராயணத்துக்குப் பாதி பெஞ்ச் எழுந்துபோய்விடும். ஏழேகாலுக்குப் பிறகு திரும்பிவரும். நடுவில் வரும் அந்த முக்கால் மணி நேரம் இருக்கிறதே, அதுதான் மேனேஜரைத் திட்டுவதற்கு உகந்த வேளை. நண்பன் ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. பௌர்ணமி அன்று மட்டும் இங்கே வராதீர்கள். பெஞ்ச் கடைக்குள் போய்விடும், லட்சக்கணக்கில் கால்கள் ரோட்டை நிறைக்கும், மாஸ்டருக்கு முகம் பார்த்துப் பேச நேரமிருக்காது.

தேர்வு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஏழரைக்குக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார், பையன் ஒருவனைப் பாய்லரிடம் நிறுத்தினார், சட்டையை மாட்டினார்.

“எங்க மாஸ்டர்?”

“ஒரு வாய் குடிச்சிட்டு வந்திடறேன்.”

குடிக்கவா? நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நண்பன் என் விலாவில் இடித்தான். பின்னாலேயே போனோம், துப்பறிவாளர்கள் மாதிரி!

கடைகளின் பின்பக்கச் சந்து. தெருவிளக்கு ஒன்று எரிகிறது, ஒன்று எரியவில்லை. புளியமரத்தடியில் ஒரு சைக்கிள். கேரியரில் பித்தளைத் தவலை, அடியில் சின்னக் கரி அடுப்பு கனல்கிறது. சைக்கிளுக்குப் பக்கத்தில் கல்லின் மேல் ஒரு அக்கா. சுற்றிலும் யார் என்று நினைக்கிறீர்கள்? மாடி கஃபே ரொட்டித் தம்பி. விடுதி ஒன்றில் சமைக்கிறவர். இளநீர் வண்டிக்காரர். மூன்று ஆட்டோக்காரர்கள். நாள் முழுக்க ஊருக்கே டீயும் காப்பியும் ஜூஸும் ஊற்றிக் கொடுக்கிற அத்தனை பேரும் அங்கே! அவரவர் கையில் பேப்பர் கப்பில் சுக்கு மல்லிக் காப்பி. மாஸ்டர் போனதும் அக்கா எதுவும் கேட்கவில்லை, நிரப்பி நீட்டினார்.

“மாஸ்டர், நீங்க டீ குடிக்க மாட்டீங்களா?”

“அத யாரு குடிப்பா” என்றார், ஒரு மிடறு விழுங்கிவிட்டு.

சுக்கும் மிளகும் தொண்டையைப் பிடித்து இழுத்தது. கருப்பட்டி பிறகு வந்து சமாதானம் செய்தது. நண்பனுக்குக் கண்ணில் தண்ணீர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தான், செருப்பைக் கழற்றிப்போட்டான், காலை நீட்டினான். ஆட்டோக்காரர் ஒருவர் தன் சேட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். “எங்க மேனேஜரும் அப்படித்தாண்ணா” என்று நடுவில் புகுந்துவிட்டான் இவன்.

அக்கா தவலையைச் சாய்த்துப் பார்த்தார். “இன்னும் ரெண்டு பேருக்குத்தான் வரும். யாருக்கு ஊத்தட்டும்?”

நண்பன் கப்பை நீட்டிவிட்டான். நான் அவசரமாக என்னுடையதில் மீதி இருந்ததைக் குடித்துக் காலி செய்தேன்.