உயிரணுக்களுக்கு மூச்சு முட்டினால்?

அம்பத்தூர் ஆவின் பால்பண்ணைக்கு வந்து சேரும் பால், எத்தனையோ ஊர்களின் மாடுகள் தந்த பால். அம்மாடுகளுக்குக் கோமாரி நோய் கண்டால் என்ன ஆகும்? காய்ச்சல் அடிக்கும். வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளங்கள் தோன்றும். மாடு தீனி எடுக்காது; பால் வற்றிவிடும். ஒரு தொழுவத்தில் புகுந்த நோய் அடுத்த தொழுவத்துக்கும் விரைவில் பரவும்.

வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு. 2019இல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், 50 கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகளுக்கு அதைப் போடுவதை நோக்கமாகக் கொண்டது. இவ்வளவு மருந்தை எப்படித் தயாரிப்பது?

நாக்கிலிருந்து கண்ணாடிப் புட்டிக்கு

வைரஸ் தானாகப் பெருகாது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். ஆகவே முதலில் செல்களை வளர்க்க வேண்டும். பிறகு அவற்றில் வைரஸைப் பெருக்கி, அதை வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்து தடுப்பூசி ஆக்க வேண்டும்.

1940களின் பிற்பகுதியில் ஹாலந்து நாட்டு பிரெங்கல் என்பவர், இறைச்சிக்கூடத்தில் கிடைத்த மாட்டு நாக்கின் மேல்தோலில் இந்த வைரஸை வளர்த்துக் காட்டினார். ஆனால் மருந்து வேண்டுமென்றால் நாக்கு வேண்டும். நாக்கு வேண்டுமென்றால் மாடு வெட்டப்பட வேண்டும்!

1961இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஹாம்ஸ்டர் என்ற எலியினக் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து பி.எச்.கே.-21 என்ற செல் வகை பெறப்பட்டது. இது ஓயாமல் பெருகும். எனினும் கண்ணாடிச் சுவரில் ஒட்டி, ஒரே அடுக்காகத்தான் வளர்ந்தது. அதிக மருந்துக்கு அதிகப் புட்டிகள் தேவைப்பட்டன. 1962இல் இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வாளர்கள் இச்செல்களைத் திரவத்தில் மிதந்தபடியே வளரப் பழக்கினர். பரப்பைச் சார்ந்திருந்த விளைச்சல், அன்றிலிருந்து கன அளவைச் சார்ந்ததாயிற்று. தேசியப் பால்வள வாரியம் 1982இல் ஐதராபாத்தில் நிறுவிய இந்தியன் இம்யுனாலஜிகல்ஸ், இவ்வகைச் செல்களைக் கொண்டே கோமாரித் தடுப்பூசி தயாரிக்கிறது.

ஆயிரம் மடங்கின் சிக்கல்

இனி பெரிய கலன் ஒன்று செய்தால் போதுமே என்று தோன்றும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எவர்சில்வர் தகட்டைப் பற்றவைக்கும் பட்டறை ஒன்றில் 1 லிட்டர் கலனைக் காட்டி, "இதே வடிவில் 1,000 லிட்டருக்கு" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். உயரமும் அகலமும் 10 மடங்காகும். பரப்பு 100 மடங்காகும். கன அளவோ 1,000 மடங்காகும். அதாவது ஒவ்வொரு லிட்டர் திரவத்துக்கும் கிடைக்கும் மேற்பரப்பு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குதான்.

அந்த மேற்பரப்பு வழியாகத்தான் ஆக்சிஜன் உள்ளே கரைகிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 260 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 37 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது சுமார் 7 மில்லிகிராம்தான். மில்லிலிட்டருக்கு 20 லட்சம் செல்கள் இருந்தால் இந்தச் சேமிப்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. செல்கள் மூச்சுத் திணறும். வைரஸ் விளைச்சல் குறையும்.

கலக்கிவிடலாமே என்பீர்கள். கணக்கிடுவோம். சிறிய கலனில் 5 செ.மீ. விட்டமுள்ள துடுப்பு நிமிடத்துக்கு 120 முறை சுற்றினால், அதன் நுனியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.31 மீட்டர். பெரிய கலனில் 50 செ.மீ. துடுப்பும் அப்படியே சுற்றினால் வேகம் 3.1 மீட்டராகிவிடும். விலங்குச் செல்லுக்குத் தாவரச் செல்லைப் போலக் கெட்டியான சுவர் கிடையாது, வெறும் சவ்வுதான். கடும் சுழிப்பில் அது கிழிந்துபோகலாம். நுனி வேகத்தைப் பழையபடி வைக்க 12 சுற்றுகளாகக் குறைத்தால், திரவம் முழுதும் கலக்க 10 மடங்கு நேரமாகும். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலைதான்!

அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை ஊதலாம். குமிழி சிறிதானால் மொத்தப் பரப்பு கூடும். ஆக்சிஜன் நன்கு கரையும். ஆனால் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது அருகிலுள்ள செல்களைச் சிதைத்துவிடும். அதனால், செல்கள் குமிழிகளில் ஒட்டாதிருக்கக் காப்புப் பொருள் ஒன்றைத் திரவத்தில் சேர்க்கிறார்கள்.

படிப்படியாகவே மேலே

பொறியாளர்கள் ஒரே தாவலில் பெரிய கலனுக்குப் போவதில்லை. சிறிய கலனில் பெருகிய செல்களை, நாற்றங்காலிலிருந்து நாற்றுப் பிடுங்கி நடுவதுபோல அடுத்த பெரிய கலனுக்கு மாற்றுகிறார்கள். இன்னொரு யுக்தியும் உண்டு. பெரிய கலனில் நேரக்கூடிய ஆக்சிஜன் பஞ்சத்தைச் சிறிய கலனிலேயே வேண்டுமென்றே உண்டாக்கி, செல்கள் எவ்வளவு தாங்கும் என்று முன்னதாகச் சோதிக்கிறார்கள். சில லிட்டர்களில் தெரிந்துகொண்ட குறை, ஆயிரம் லிட்டர் வீணாவதைத் தடுக்கிறது.

நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒன்று, 2 செ.மீ. பக்கமுள்ளது ஒன்று, இரண்டிலும் பரப்பைக் கன அளவால் வகுங்கள். முதலாவதற்கு 6 வரும். இரண்டாவதற்கு 3தான் வரும். பக்கம் இரண்டு மடங்கானதுமே, ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் கிடைக்கும் பரப்பு பாதியாகிவிட்டது அல்லவா? மாட்டைக் காக்கும் மருந்தின் தொழிற்சாலையில் தினமும் எதிர்கொள்ளும் கணக்கு இதுதான்.